மூன்றாவது நாற்காலி

மைசூரில் நான் வேலை பார்த்த, பதினொன்று பன்னிரண்டாம் வகுப்புகள் நடக்கிற பி.யு. கல்லூரியில், இயற்பியல் ஆசிரியர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் மூன்று நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடக்கும். யாரும் அவற்றில் உட்காரக் கூடாது. அவை கேள்வித்தாளைச் சோதிப்பதற்கு. இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதல் வாரம் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாவது வாரம் எரிச்சல் வந்தது. கால் வைக்கவே இடமில்லாத அறை. ஒரு பெரிய மேசை, ஒரு பீரோ, யாரும் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்த உடைந்த சாமான்கள், இதற்கு நடுவில் மூன்று காலி நாற்காலிகள் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நாற்காலிகளின் சொந்தக்காரர் என்னோடு இயற்பியல் நடத்திய கொள்ளேகாலத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் நூல் புடவையில் இருப்பார். வார நாட்களில் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மதியம் ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பி வருவார். ஜன்னலோரம்தான் உட்காருவார் போலிருக்கிறது. அறைக்குள் நுழையும்போது தலைமுடியெல்லாம் புழுதியாக இருக்கும். கைக்குட்டையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே பையிலிருந்து வறுத்த கடலைக்காயை என் மேசையில் கொட்டுவார். கடலைக்காய் சும்மா வராது. கூடவே கேள்வி வரும்.

"ஏனுங் அம்மிணி, பஸ்ல வர்றப்ப ஒண்ணு தோணுச்சு. படிச்சதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதுக்கு ஒரு விடை சொல்லுங்."

"திங்கக்கிழமை காலைலேயே ஆரம்பிச்சாய்தா? காபி குடிக்க விடுங்க மேடம்."

"குடிச்சுக்கிட்டே சொல்லுங். தப்பாச் சொன்னாலும் பரவால்லீங். தப்பாச் சொன்னீங்கன்னா இன்னும் நல்லது."

நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். என் தமிழில் பாதி கன்னடம், 'இல்லையா' என்பதற்குக்கூடக் கன்னடத்து 'அல்வா'தான் வருகிறது என்று அவர் கேலி பண்ணுவார். கொள்ளேகாலம் பழைய கோயம்புத்தூர் ஜில்லா; அவர் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிற 'ங்' ஒலியை நான் கேலி பண்ணுவேன். இப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

இனி அந்த நாற்காலிகள். ஒரு கேள்வியை எழுதி முடித்ததும் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதல் நாற்காலியில் போய் உட்காருவார். அது கைடு புத்தகத்தை மனப்பாடம் பண்ணியவனின் நாற்காலி. அதில் உட்கார்ந்ததும் அவர் முகமே மாறிவிடும். காலை ஆட்டிக்கொண்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு, "நாலு விடையில நீளமா இருக்கறது சி. போடு சி" என்பார். சி சரியான விடையாக இருந்துவிட்டால் கேள்வி ஃபெயில். அங்கேயே கசக்கி எறிந்துவிடுவார். தப்பித்தால் இரண்டாவது நாற்காலி. அது பாடம் நிஜமாகவே புரிந்த பிள்ளையின் நாற்காலி. அங்கே நிதானமாக உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார். புரிந்த பிள்ளைக்கே விடை வராமல் போனாலும் கேள்வி ஃபெயில்தான்.

மூன்றாவது நாற்காலியில்தான் அதிக நேரம் உட்காருவார். அந்தப் பிள்ளைக்கும் பாடம் புரிந்திருக்கும். ஆனால் அது நம் தெருவில் வளரவில்லை. நம் வீட்டில் இருக்கிற சாமான் அதன் வீட்டில் இல்லை. நாம் எழுதிய கேள்வியை அது எங்கே உட்கார்ந்து, எதை நினைத்துக்கொண்டு படிக்கும்? இதைக் கண்டுபிடிக்க அந்த நாற்காலியில் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் கடலைக்காய்கூடத் தின்ன மாட்டார்.

லிஃப்டுக்குள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்கிற மனிதனைப் பற்றிய கேள்வி எல்லா இயற்பியல் புத்தகத்திலும் உண்டு. அதை அவர் தன் கேள்வித்தாளில் சேர்த்ததே இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஹனூரிலிருந்தும் நஞ்சன்கூட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள். அந்தக் காலத்து மைசூரில் லிஃப்டு ஏறியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

"அதுக்கென்ன மேடம், படிச்சிருப்பாங்க அல்வா? லிஃப்டுன்னா மேல போகும், கீழ வரும். அவ்வளவுதானே?" என்று நான் கேட்டேன்.

"புள்ளை தப்பா எழுதிச்சுன்னு வைங். அதுக்குத் தெரியாதது இயற்பியலா லிஃப்டா? பேப்பரைப் பாத்து நான் எப்படிங் சொல்லுவேன்? எதை அளக்கறமுன்னு தெரியாம மார்க்கு போடறது பாவமுங்."

பாவம் என்ற சொல்லை அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. பிள்ளைகள் அவருக்கு 'மூரு குர்ச்சி மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று நாற்காலி மேடம். அது அவர் காதில் விழுந்தபோது, "பரவால்லீங், எண்ணத் தெரிஞ்சிருக்குது" என்றார்.

இத்தனை செய்கிறவர் அந்தக் கல்லூரியில் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியர். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக உத்தரவு வாங்க வேண்டும். நான் அவருக்குப் பின்னால் வந்தவள். துறையில் ஒருவர் ஓய்வு பெற்ற நேரம் பார்த்து வந்ததால் எனக்கு நிரந்தரம் கிடைத்துவிட்டது. என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. இப்போது இன்னொரு நிரந்தர இடம் வந்திருந்தது. அதை அவருக்குக் கொடுப்பதா, வெளியிலிருந்து ஆள் எடுப்பதா என்பது நிர்வாகச் செயலாளர் கையில் இருந்தது. அந்த வருடம் முழுவதும் எங்களுக்கு இதே பேச்சு. உத்தரவு கிடைத்தால் ஒரு சின்ன வீடு பார்த்து அம்மாவைக் கொள்ளேகாலத்திலிருந்து அழைத்து வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரஸ்வதிபுரத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைக்கூட நான் பார்த்து வைத்திருந்தேன்.

மற்ற ஆசிரியர்கள் கேள்வித்தாளை அரை நாளில் முடிப்பார்கள். பழைய தாளை எடுத்து எண்களை மாற்றினால் ஆயிற்று. நானும் அதே ரகம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அவருக்கு அது ஆகவே ஆகாது. "எண்ணை மாத்தினா கேள்வி மாறிடுமுங்களா? சட்டையை மாத்தினா ஆளு மாறிடுவானா?" என்பார். அவருக்கு ஒரு தாள் முடிக்க மூன்று வாரம் வேண்டும். தாளை நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டுகிறவர் வாசலில் நின்று கத்துவார். இவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி கொடுத்தார். மைசூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு இத்தனை கிலோமீட்டர், பஸ்ஸுக்கு இத்தனை மணி நேரம் ஆயிற்று. கொள்ளேகாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸின் வேகம் என்ன? வகுப்பு மொத்தமும் தூரத்தை நேரத்தால் வகுத்துத் தசம புள்ளியோடு விடை எழுதியது. அது பயணத்தின் சராசரி வேகம். கொள்ளேகாலத்தில் பஸ் நின்றுகூட இருக்கலாம். கொடுத்த விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் விடை. நான்கே பேர் அப்படி எழுதியிருந்தார்கள். அந்த நான்கு தாளையும் பிரசாதம் வாங்குகிறவர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் காட்டினார்.

அடுத்த தேர்வில் என்ன ஆயிற்று தெரியுமா? வகுப்பு மொத்தமும், தெரியாத கேள்விக்கெல்லாம் 'சொல்ல முடியாது' என்று எழுதி வைத்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"அவங்க மேல தப்பில்லீங். முதல் தடவை யோசிக்க வெச்சுது. ரெண்டாந்தடவை அதுவே மனப்பாடமாயிருச்சு. அந்தக் கேள்வி செத்துப்போச்சு, விடுங்."

தப்பாக எழுதிய பிள்ளைகளை அவர் தேடிப் போய் உட்காருவார். திட்டுவதற்கு இல்லை. "இந்த விடை எப்படி வந்துது கண்ணு? மறைக்காமச் சொல்லு" என்று கேட்பார். பிள்ளைகள் முதலில் பயப்படும், அப்புறம் கொட்டிவிடும். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற கேள்விகளில் மூன்று தப்பு விடைகளும் இப்படித்தான் அவருக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பிள்ளை உண்மையில் போய் மாட்டிக்கொண்ட வழி. நானெல்லாம் தப்பு விடை வேண்டுமென்றால் மனசுக்குத் தோன்றிய எண்ணைப் போடுவேன்.

இந்தக் குணம் கல்லூரிக்குள் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அவரைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இதுக்கு எல்லாப் பொண்ணுங்களும் தெரியும்னுதானுங்களே சொல்லுவாங்க? தெரிஞ்சவங்க யாரு, தெரியாதவங்க யாருன்னு இதை வெச்சு உங்களுக்கு எப்படிங் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருக்கிறார், அதுதான் கஷ்டம். மாற்றி என்ன கேட்கலாம் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அய்யோ, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அம்மாவும் இதையேதான் சொல்லிச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் சிரிச்சானுங், அம்மிணி. அவனுக்குப் புரிஞ்சுது" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் என்ட்ரன்ஸ் பரீட்சைக்குத் தனி வகுப்பு ஆரம்பித்தார்கள். எல்லா ஊரிலும் அப்போது அந்தப் பித்து பிடித்திருந்தது. நாற்பது பேருக்குத்தான் இடம். யாரைச் சேர்ப்பது என்பதற்கு ஒரு தேர்வு. இயற்பியலில் பத்துக் கேள்விகள். தயாரிக்கும் பொறுப்பைச் செயலாளர் அவரிடமே கொடுத்தார். கொடுக்கும்போது, "இதை நன்றாக நடத்திக் காட்டுங்கள், உங்கள் விஷயத்தைப் பார்க்கலாம்" என்று என் முன்னால்தான் சொன்னார். விடுதி வரைக்கும் நாங்கள் இருவரும் நடந்தே போனோம். வழியில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பத்தாவது கேள்வி அவருடைய செல்லப்பிள்ளை. தசரா பொருட்காட்சியில் வாங்கிய கேஸ் பலூனை நூலில் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை பஸ்ஸில் வருகிறது. டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். பலூன் எந்தப் பக்கம் போகும், ஏன்?

"முன்னாடி. நாமெல்லாம் முன்னாடி சாயறோம் அல்வா?" என்றேன் நான்.

அவர் கையைத் தட்டினார். "அப்படித்தான் எல்லாரும் சொல்லணுமுங். பலூன் பின்னாடி போகும். பஸ்ஸுக்குள்ள இருக்கற காத்தும் நம்மளாட்டவே முன்னாடி ஓடுமுங்க. காத்து முன்னாடி போய்க் குமிஞ்சா, காத்தைவிட லேசான பலூனுக்கு எங்க இடம்? பின்னாடிதான்."

எனக்கு ரோஷமாக இருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவள் நான். ஆனால் அருமையான கேள்வி என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. முதல் நாற்காலியில் அது தப்பித்தது. இரண்டாவது நாற்காலியிலும் தப்பித்தது. மூன்றாவதுக்கு அவர் நகர்கிற நேரம் பார்த்து அட்டெண்டர் உள்ளே வந்தார்.

"மேடம், நாளைக்கு காலேஜ் டே. ஸ்டேஜுக்கு ஒரு குர்ச்சி கம்மி ஆகுது. இதை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அதுல ஆள் இருக்குதுங்களே" என்றார் அவர்.

அட்டெண்டர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

"சரி, எடுத்துட்டுப் போங். ஒரு கேள்விதான பாக்கி" என்றார்.

மாலைக்குள் தாளைக் கொடுத்தாக வேண்டும். ஸ்டென்சில்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பத்தாவது கேள்வி அப்படியே போயிற்று.

யாரும் குறை சொல்லக் கூடாது என்று விடைத்தாள்களை வெளிக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தினார்கள். மதிப்பெண் நேரே அலுவலகத்துக்கு வந்தது. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அன்றைக்கே பிடித்தது சனி. பத்தாம் வகுப்பில் பெரிய பெரிய மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு இடமில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் சிலருக்கு இடம் கிடைத்திருந்தது. பெற்றோர்கள் செயலாளர் அறைக்குப் படையெடுத்தார்கள். அவர் கூட்டம் போட்டு, கேள்வித்தாள் தயாரித்தவரே வந்து பதில் சொல்லட்டும் என்றார்.

துணைக்கு நானும் போனேன். பேச்சு கன்னடத்தில் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த அப்பா ஒருவர்தான் அதிகம் கொதித்தார். தன் மகன் வகுப்பில் முதலாவதாக வருகிறவன் என்றும், இந்தத் தேர்வு மோசடி என்றும் சொன்னார். இவர் விடைத்தாள் கட்டைப் பிரித்து, அவர் மகனுடைய தாளை எடுத்து, ஒரு கேள்வியைக் காட்டினார்.

"மேலே எறிந்த கல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்னங்க சார்?"

"பூஜ்யம். நின்றுவிட்டதே" என்றார் அவர்.

"உங்கள் மகனும் அதைத்தான் எழுதியிருக்கிறார். நிற்கிறது சரி. முடுக்கமும் பூஜ்யமாகிவிட்டால், அப்புறம் கல் ஏன் கீழே வருகிறது? அங்கேயே நின்றுவிட வேண்டியதுதானே?"

அந்த மனிதர் சத்தமாகச் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். "என்னையும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டீர்கள் மேடம்" என்றார். அதோடு அறையின் சூடு இறங்கிவிட்டது. இவர் ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, அது எதைச் சோதிக்கிறது, எங்கே வழுக்கும் என்று சொல்லச் சொல்ல, பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை மறந்துவிட்டுத் தாங்களே விடை சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பலூன் கேள்விக்கும் எல்லாரும் முன்னால் என்றார்கள். பின்னால் என்று இவர் விளக்கியதும் கைதட்டாத குறைதான்.

செயலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பட்டியல் அப்படியே இருக்கட்டும். மேடம், ஜூனில் உங்கள் விஷயத்தை முடித்துவிடலாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். காபி வந்தது. எனக்கு என்னமோ எனக்கே வேலை கிடைத்த மாதிரி நெஞ்சு நிறைந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவர் கையைக் கிள்ளினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காபியைத் தொடாமல் விடைத்தாள் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தப்பு விடைகளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாதே அவருக்கு. ஒரு தாளில் கை நின்றது. அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் காது மடல் சிவந்து போனது எனக்குத் தெரிந்தது.

அது ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுடைய தாள். விவசாயக் குடும்பம். பட்டியலில் நாற்பதுக்கு அடுத்த இடத்தில், பத்தாவது கேள்வியால் மட்டுமே இடம் தவறியவள். அவள் எழுதியிருந்தது இதுதான்: 'எங்கள் பஸ்ஸில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. பஸ் ஓடும்போது காற்று முன்னாலிருந்து அடித்துப் பலூனைப் பின்னால் தள்ளி வைத்திருக்கும். பிரேக் போட்டால் வேகம் குறையும், காற்றும் குறையும், பலூன் முன்னால் வரும்.' கீழே ஒரு வரி. 'மேடம், நீங்கள் எந்த பஸ்ஸைச் சொல்கிறீர்கள்?'

விடைக் குறிப்பில் 'பின்னால்' என்று இருந்தது. இவள் 'முன்னால்' என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் அதற்கு மேல் படிக்காமல் பூஜ்யம் போட்டிருந்தார்.

நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். "அப்புறம் பாத்துக்கலாம் மேடம். சும்மா இருங்க. யாருக்கும் தெரியாது" என்று தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். "சார், ஒரு நிமிஷம். பத்தாவது கேள்வி ஃபெயில்."

செயலாளருக்குப் புரியவில்லை. "யார் ஃபெயில்?"

"கேள்விங்க சார். நான் எழுதின கேள்வி. ஜன்னல் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நான் சொல்லவே இல்லை. மூடியிருந்தால்தான் என் விடை சரி. திறந்த பஸ்ஸை நினைத்துக்கொண்டு இந்தப் பெண் சரியாக யோசித்திருக்கிறாள். பட்டியலை மாற்ற வேண்டும்."

அறையில் சத்தம் எழுந்தது. ஒன்று தப்பு என்றால் மற்ற ஒன்பதும் சரி என்று எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டார். இத்தனை நேரம் அடங்கியிருந்த கூட்டம் மறுபடி கொதித்தது. செயலாளரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஒரு பெண்ணுக்காகவா இத்தனை?" என்றார் அவர்.

"ஒரு பிள்ளைக்குத் தப்பாக இருந்தாலும் அது தப்பான கேள்விதானே சார்?" என்றார் இவர். உட்காரவில்லை.

கடைசியில் பட்டியலைத் தொடாமல் அந்தப் பெண்ணை நாற்பத்தொன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் ஒரு பெஞ்சு கூடப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜூனில் நிரந்தர உத்தரவு வேறொருவருக்குப் போயிற்று. இவருக்குத் தற்காலிக உத்தரவும் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

சாமான்களை எடுக்க வந்த அன்று நான் அவரிடம் சண்டை போட்டேன். சண்டைதான், வேறென்ன சொல்வது. "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அடுத்த நாள் ஆபீஸ்ல சொல்லி அந்தப் பொண்ணைச் சேர்த்திருக்கலாமே. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லணுமா? அம்மாவை எங்க கொண்டு வந்து வெச்சுக்கப் போறீங்க இப்போ?" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கடலைக்காய்ப் பையை என் மேசையில் வைத்தார்.

"வாரா வாரம் அந்த பஸ்லதானுங் அம்மிணி வர்றேன். தலையெல்லாம் புழுதியோட வந்து உங்க முன்னாடிதான் நிக்கறேன். கேள்வி எழுதறப்ப மட்டும் எங்க இருந்து ஒரு கண்ணாடி போட்ட பஸ்ஸு வந்துச்சுன்னு தெரியலீங். எனக்கு அதுதான் வெக்கம். வேலை போனதுகூட அப்புறந்தான்." சிரித்தார். "அந்தப் புள்ளை கேட்டுச்சு பாருங், எந்த பஸ்ஸுன்னு. மொத்தப் பேப்பர்லயும் அது ஒண்ணுதானுங் நல்ல கேள்வி."

கொள்ளேகாலத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் எழுதினார். அம்மா கூடவே இருப்பதில் ஒரு குறையும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அந்த ஹனூர்ப் பெண் பிற்பாடு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. பெரிய ஆளானாள் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். தெரியாததை எப்படி எழுதுவது?

அடுத்த வருடம் கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தாளை எடுத்து எண்களை மாற்ற உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன், இரண்டாவதில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மூன்றாவது, காலேஜ் டே முடிந்து திரும்பி வந்ததிலிருந்து ஒரு கால் ஆடிக்கொண்டு, காலியாக இருந்தது.

அட்டெண்டர் கதவைத் திறந்தார். "மேடம், நாளைக்கு காலேஜ் டே. ஒரு குர்ச்சி கம்மி ஆகுது" என்று சொல்லிக்கொண்டே நேரே போய் மூன்றாவது நாற்காலியில் கை வைத்தார்.

"அதை எடுக்காதீங்க. ஆள் இருக்கு."

அவர் நாற்காலியைப் பார்த்தார். போன வருடம் சிரித்தோமே, அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யார் மேடம் இருக்காங்க?"

"ஹனூர்லருந்து ஒரு பொண்ணு. இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கு. நீங்க போய் வேற குர்ச்சி பாருங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், கேள்வியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.